உக்காந்துகிட்ட பொண்ணும் குரூப்ல போட்ட பாஸ்வேர்டும்

எல்லாரும் கிளம்பிட்டாங்க

"அம்மா அனுப்பினாங்க, வாங்க போலாம்"னு செல்வா சொன்னதுதான் தாமதம், என் கிளாஸ் பிள்ளைங்க மொத்தமும் செருப்பை மாட்டிகிட்டு அவன் பின்னாடி வரிசையா கிளம்பிடுச்சுங்க. பிள்ளைங்களுக்குத் தற்காப்பு சொல்லிக் குடுக்கற தொழில்ல இதைவிடப் பெரிய தோல்வி இருக்கான்னு எனக்குத் தெரியல. இருந்தா நான் பாக்க விரும்பல.

எங்க மலேசியாவுல, கிள்ளான் பக்கம் பண்டமாரான்ல ஒரு சமூக மண்டபம், ஞாயித்துக்கிழமை காலை. நாற்காலி பூரா அம்மா அப்பாங்க. பின்னாடி மேசையில நாசி லெமாக் சோத்துப் பொட்டலம், சிவப்பு சீராப் தண்ணி. தெரியாதவங்க வந்து கூப்பிட்டா என்ன செய்யணும்னு நான் மாசக்கணக்கா சொல்லிக் குடுத்ததை, பிள்ளைங்க பெத்தவங்க முன்னாடி செஞ்சு காட்டற நாள். செல்வா என் கூட்டாளி. வேற இடத்துல பெரிய பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறான், அதனால இந்தப் பிள்ளைங்க அவனைப் பாத்ததே இல்ல. தொப்பி, முகமூடி, நான் வேலை செய்யற கடையிலேருந்து எடுத்துட்டு வந்த கறுப்புக் கண்ணாடி. எனக்கே அடையாளம் தெரியல. திட்டம் என்னன்னா, பிள்ளைங்க "பாஸ்வேர்ட் என்ன?"ன்னு கேக்கணும், அவன் முழிக்கணும், பிள்ளைங்க "வேணாம்!"னு கத்திகிட்டு ஓடியாரணும், மண்டபமே கை தட்டணும்.

பிள்ளைங்க கேட்டுச்சுங்க, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா செல்வா முழிக்கல. நெஞ்சுல ஒட்டியிருந்த பேரை ஒண்ணொண்ணா படிச்சான் (பேரை ஒட்டினதும் நான்தான்). "உனக்கு மைலோ ஐஸ், உனக்கு ரோஜாக், உனக்குப் புலிக்குட்டி"ன்னு கடகடன்னு சொல்லிட்டான். பிள்ளைங்களுக்கு ஒரே சந்தோஷம். பாஸ்வேர்ட் சரி, அப்ப ஆளும் சரி!

ஒருத்தி மட்டும் போகல. துர்கா. இடைநிலைப் பள்ளியில முதல் வருஷம், பேச்சு ரொம்பக் கம்மி. தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா. செல்வா குனிஞ்சு, "உன்னோடது கருவேப்பிலை, சரியா? வா"ன்னான். அவ மெதுவா, "அது எல்லாருக்கும் தெரியும் அங்கிள். இனிமே செல்லாது"ன்னா. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு! மைக்கைப் பிடிச்சு 'பாருங்க, இதுதான்!'னு கத்தப் போனேன். அதுக்குள்ள ரெண்டாவது வரிசையில அவங்க அம்மா மல்லிகா அக்கா எந்திரிச்சு நின்னு ஒரு சத்தம் போட்டாங்க. துர்கா அம்மாவைப் பாத்தா, என்னைப் பாத்தா, டிராக் பேண்ட்ல ஒட்டின தூசியைத் தட்டிட்டு, செல்வா பின்னாடி போன வரிசையில கடைசியா போய் நின்னா. மண்டபம் அப்பத்தான் கை தட்டுச்சு. மல்லிகா அக்கா போட்ட சத்தம் இதுதான்:

"எல்லாப் பிள்ளையும் போகுது, நீ மட்டும் ஏன் மானத்தை வாங்கற? எந்திரிச்சு அங்கிள்கூடப் போ லா!"

மேலயே பின் பண்ணினது

என்னைப் பத்தி சொல்லிடறேன். பேரு கீர்த்தனா. வார நாள்ல கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை கவுண்டர். இதை டைப் பண்றதும் அதே கவுண்டர்லதான், ஒரு அங்கிள் பவர் செக் பண்ண உள்ள போயிருக்கார். சின்ன வயசுலேருந்து கராத்தே. அப்புறம் பிள்ளைங்க பாதுகாப்பு பத்தி ஒரு பயிற்சி முடிச்சேன், அன்னையிலேருந்து தலைகால் புரியாம சனி ஞாயிறு கிள்ளான் பக்கம் கொமியூட்டர் ரயில் ஏறிடுவேன். வர்ற பெத்தவங்க எல்லாம் முதல்ல கேக்கறது "எப்ப டீச்சர் உதைக்கச் சொல்லிக் குடுப்பீங்க?"தான். உதை கடைசி பாடம். முதல் பாடம் பாஸ்வேர்ட்.

நம்ம ஆளுங்க பிள்ளையை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர யாரை வேணா அனுப்புவாங்க. சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணே, அப்பாவோட லோரியில கூட வர்ற ஆளு, அந்த ஆளோட மச்சான். பிள்ளையும் யாரு வந்தாலும் "அங்கிள்"னு ஏறிடும். அதனால வீட்டுக்கு ஒரு சொல். அம்மா அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிஞ்சது. அதைச் சொல்றவங்ககூட மட்டும்தான் போகணும். எவ்வளவு சுலபம்! முதல் கிளாஸ் முடிஞ்சு பிள்ளைங்க துள்ளிகிட்டுப் போச்சுங்க, நான் அதைவிடத் துள்ளிகிட்டு ரயில் ஏறினேன்.

செல்வா நடிச்சு முடிச்சதும் அவனை ஓரமா இழுத்து, "டேய், உனக்கு எப்படிடா தெரியும்?"னேன். "பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப்ல நீதானே என்னையும் சேத்த, அதுல எல்லாரும் போட்டிருக்காங்களே, நீ பாக்கலையா?"ன்னான். போனை எடுத்துப் பாத்தேன். முதல் கிளாஸ் அன்னைக்கே லோரி ஓட்டற குமரன் அண்ணே "டீச்சர், மகன் பாஸ்வேர்ட் மைலோ ஐஸ், நன்றி"ன்னு போட்டிருக்கார். அதைப் பாத்து அடுத்தவங்க, அதைப் பாத்து அடுத்தவங்க, மல்லிகா அக்கா கருவேப்பிலை இலை படத்தோட. ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு கட்டைவிரல். என் கட்டைவிரல். கூட்டமான ரயில்ல நின்னுகிட்டு, படிக்காமலே போட்டுகிட்டு வந்திருக்கேன். அவசரமா குமரன் அண்ணேகிட்ட போய், "அண்ணே, இது ரகசியம் அண்ணே, இதைப் போய் குரூப்ல போடலாமா?"ன்னு கேட்டேன். அவர் பாவம், நல்லது செஞ்ச முகத்தோட சொன்னார்:

"மறந்துடுவோம்ல டீச்சர், அதான் எல்லாருக்கும் வசதியா மேலயே பின் பண்ணி வச்சிருக்கேன்."

பூனை

அங்கிள் கண்ணாடி வாங்கிட்டுப் போயிட்டார், தொடர்றேன். இது அந்த மண்டபக் கூத்துக்கு முன்னாடி நடந்தது. கத்தற பாடம். வயித்துலேருந்து "வேணாம்! இவங்க யாருன்னு தெரியாது!"ன்னு கத்தணும். கேக்க சுலபமா இருக்கும், ஆனா வீட்டுல "கத்தாத, கத்தாத"ன்னே வளர்ந்த பிள்ளைங்களுக்கு அது ரொம்பக் கஷ்டம். முதல்ல எல்லாம் வெக்கப்பட்டு சிரிச்சுச்சுங்க. அப்புறம் சூடு பிடிச்சு மண்டபத் தகரமே அதிர்ற மாதிரி கத்த ஆரம்பிச்சதும், மண்டபத்தைப் பாத்துக்கற ஆன்டி கரண்டியோட ஓடி வந்தாங்க. பின்னாடி கட்டடத்துல பஜனையாம். "வேணாம் வேணாம்னு கத்தறதை கொஞ்சம் மெதுவா கத்தச் சொல்லு டீச்சர், சாமி கும்பிடறவங்க திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க"ன்னாங்க. பாக்கறதுக்குத்தானே ஆன்டி கத்தறோம்!

துர்காவுக்கு மட்டும் சத்தமே வரல. வாயைத் திறப்பா, கண்ணு பெருசாகும், காத்துதான் வரும். மத்த பிள்ளைங்க சிரிச்சதும் அவ மூஞ்சி சுருங்கிடுச்சு. கிளாஸ் முடிஞ்சு தனியா உக்கார வச்சு, "பரவால்லமா, பயமா இருந்தா உனக்கு என்ன செய்யத் தோணும், அதைச் செஞ்சு காட்டு"ன்னேன். பொத்துன்னு தரையில உக்காந்து காலை மடக்கி, கையைக் கட்டி, உடம்பைத் தளர விட்டுட்டா. நான் தூக்கிப் பாத்தேன். முடியல! கராத்தே கறுப்பு பெல்ட் நான், ஒரு நோஞ்சான் பொண்ணை அசைக்க முடியல. நம்பவே முடியாம "இதை யாருமா சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டேன். துர்கா முதல் தடவையா முழு வாக்கியம் பேசினா:

"எங்க வீட்டுப் பூனையைக் கூண்டுல போடப் போனா அது கத்தாது டீச்சர், தரையோட ஒட்டிக்கும், அப்புறம் யாராலயும் தூக்க முடியாது."

கன்னம்

கிள்ளான்ல ஒரு சர்ச் மண்டபத்துலயும் கொஞ்ச நாள் கிளாஸ் எடுத்தேன், சின்னப் பிள்ளைங்களுக்கு. அங்க நான் சொல்லிக் குடுத்தது 'வணக்கமா, சலாமா, கையாட்டறதா, உனக்குப் பிடிச்சதை நீயே தேர்ந்தெடு'. யாரு வந்தாலும் மடியில உக்காரணும்னோ முத்தம் குடுக்கணும்னோ அவசியம் இல்ல, மரியாதையா வணக்கம் சொன்னா போதும். பிள்ளைங்க பிடிச்சுகிட்டாங்க பாருங்க, ஒரே வாரத்துல!

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு, எல்லாப் பிள்ளை கன்னத்தையும் பழமா நினைச்சுக் கிள்ளற ஒரு ஆன்டி, வழக்கம்போல கையை நீட்டினாங்க. எதிர்ல நின்ன வாண்டு ஒரு அடி பின்னாடி வச்சு, "வணக்கம் ஆன்டி, கன்னம் இன்னைக்கு இல்ல"ன்னுடுச்சு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, ஆன்டி சிரிக்கல. அவங்க கெட்டவங்க இல்ல, கேக் சுட்டு எல்லாருக்கும் குடுக்கறவங்க. அவங்க மூஞ்சி வாடினதைப் பாத்து எனக்கே கஷ்டமா போச்சு. அதுக்கப்புறம் அந்த மண்டபம் எனக்குக் கிடைக்கல, 'வேற நிகழ்ச்சி இருக்கு'ன்னாங்க. அந்த ஆன்டி கிளம்பறப்ப என்கிட்ட கேட்டது இன்னும் காதுல இருக்கு:

"ஏன் டீச்சர், ஆசையாக் கன்னத்தைக் கிள்ளறதுக்கும் இப்ப பெர்மிட் எடுக்கணுமா?"

அடுத்த வாரம்

மண்டபக் கூத்துக்குத் திரும்பி வரேன். அது முடிஞ்ச அடுத்த கிளாஸ்ல பெத்தவங்க எல்லாரையும் நிக்க வச்சு, பழைய பாஸ்வேர்ட் எல்லாம் செத்துப் போச்சுன்னு அறிவிச்சேன். "புதுசு யோசிங்க. பிள்ளை காதுல மட்டும் சொல்லுங்க. எழுதாதீங்க, அனுப்பாதீங்க, எனக்கும் சொல்லாதீங்க!" மண்டபம் முழுக்க அம்மாங்க குனிஞ்சு காதுல குசுகுசுன்னு பேச, பிள்ளைங்க கூச்சத்துல நெளிய, பாக்கவே அழகா இருந்துச்சு. குமரன் அண்ணே மட்டும் காதுல சொன்னது வாசல் வரைக்கும் கேட்டுச்சு, திரும்ப வேற சொல்ல வச்சேன்.

மல்லிகா அக்கா தலைக்கவசத்தைக் கழட்டாமலே வாசல்ல நின்னாங்க. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்குல வேலை, வீட்டுக்காரர் ஜோகூர்ல, எல்லாமே அவங்கதான். மகளை மண்டபத்துல அதட்டினது அவங்களுக்கும் உறுத்தியிருக்கும்போல, என் கண்ணைப் பாக்கல. நான் போய், "அக்கா, ஒரே நிமிஷம், துர்கா காதுல ஒரு சொல்"னேன். துர்கா அதுக்குள்ள அம்மா பக்கத்துல போய், முடியைக் காதுக்குப் பின்னாடி ஒதுக்கிட்டு, காதைத் திருப்பிகிட்டு நின்னா. அப்படியே நின்னுகிட்டு இருந்தா. அக்கா மோட்டோவை முடுக்கினாங்க. "ஏறு, மழை வருது"ன்னு மகளைக் கூப்பிட்டுட்டு, என்கிட்ட திரும்பி:

"தினம் நான்தானே டீச்சர் மோட்டோல போய்க் கூட்டிட்டு வரேன், வேற யாரு போகப் போறா, அடுத்த வாரம் பாத்துக்கலாம் லா."

டியூஷன் வாசல்

அடுத்த வாரம் வர்றதுக்குள்ள, ஒரு வேலை நாள், சாயங்காலம். நான் ஒரு ஆன்டிக்கு ஃபிரேம் காட்டிகிட்டு இருந்தேன். குமரன் அண்ணே போன் பண்ணி, "டீச்சர், துர்காவைக் கடத்தப் பாத்தான், பிடிச்சு வச்சிருக்கோம்!"னார். ஃபிரேமை அப்படியே போட்டுட்டு, முதலாளிகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு ஓடினேன். ரயில்ல கிள்ளான் போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு பயம் பாதி, பெருமை பாதி. நிஜமாவே பெருமை! பிள்ளை தப்பிச்சுட்டா, நான் சொல்லிக் குடுத்தது வேலை செஞ்சிருக்குன்னு. அந்தப் பெருமையை இப்ப நினைச்சாலும் கூசுது.

நடந்தது இதுதான். மல்லிகா அக்கா மோட்டோ மழையில சறுக்கி லோரி பக்கம் விழுந்திருக்கு. காலு போச்சுன்னே எல்லாரும் நினைச்சிருக்காங்க. கூட வேலை செய்யற முருகையா அங்கிள், கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர், தன் கார்ல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில சேத்திருக்கார். அக்கா போன் நொறுங்கிப் போச்சு. ஆபரேஷன்னு சொன்னதும் அக்கா அவர் கையைப் பிடிச்சுகிட்டு, "உள்ள போறதுக்கு முன்னாடி துர்காவைப் பாக்கணும், கூட்டிட்டு வாங்க, கருவேப்பிலைன்னு சொல்லுங்க, வந்துடுவா"ன்னு அழுதிருக்காங்க. மனுஷன் சட்டையில ரத்தத்தோட அப்படியே டியூஷன் சென்டருக்கு வந்துட்டார்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கமா, வா. கருவேப்பிலைன்னு சொல்லச் சொன்னாங்க"ன்னார். துர்கா அவரைப் பாத்தா, சட்டையைப் பாத்தா, ஐந்தடியில அப்படியே உக்காந்துட்டா. ஐந்தடின்னா கடை வாசல் நடைபாதை, எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். அங்கிள் கெஞ்சினார், கையைப் பிடிச்சு எழுப்பப் பாத்தார். அவ்வளவுதான், கூட நின்ன என் கிளாஸ் வாண்டுங்க எல்லாம் சேந்து "வேணாம்! இவங்க யாருன்னு தெரியாது!"ன்னு ஒரே கத்தல். ஒரு நாளும் இவ்வளவு நல்லா கத்தினதில்ல. பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையிலேருந்து ஆளுங்க ஓடி வந்தாங்க. மகனைக் கூப்பிட வந்த குமரன் அண்ணே கார் சாவியைப் பிடுங்கிட்டார். டியூஷன் வாத்தியார் அக்கா போனுக்கு அடிச்சுப் பாத்தார், எடுக்கல, அதனால சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு. போலீஸ் வந்து, ஆஸ்பத்திரிக்குப் பேசி, எல்லாம் உண்மைதான்னு தெரியறதுக்குள்ள, அக்காவை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க. நான் போய்ச் சேந்தப்ப துர்கா இன்னும் அதே இடத்துல உக்காந்துதான் இருந்தா. பக்கத்துல குனிஞ்சு, எல்லாத்தையும் சொல்லி, "மண்டபத்துல மட்டும் எந்திரிச்சுப் போனியேமா?"ன்னு ஏன் கேட்டேன்னு எனக்கே தெரியல. அவ சொன்னா:

"அன்னைக்கு அம்மா எதிர்ல இருந்து போகச் சொன்னாங்க, போனேன், இன்னைக்கு அம்மா இல்லையே டீச்சர்."

போட்டோ

கடையில கூட்டம், ஒரு குடும்பமே கண்ணு செக் பண்ண வந்துடுச்சு. இப்பத்தான் கை காலியாச்சு.

அன்னைக்கு சாவியைப் பிடுங்கின கையோட யாரோ ஒரு போட்டோ எடுத்திருக்காங்க. முருகையா அங்கிள், ரத்தச் சட்டை, பின்னாடி கார் நம்பர். 'பிள்ளை பிடிக்கிறவன்! ஜாக்கிரதை! எல்லாருக்கும் அனுப்புங்க!' எங்க குரூப்லதான் முதல்ல வந்துச்சு. உண்மை தெரிஞ்சதும் நான் ஒரு நீளமான விளக்கம் போட்டேன். இவர் உதவி பண்ண வந்தவர், தயவுசெஞ்சு அழிச்சுடுங்க, யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கும் சொல்லுங்கன்னு. குமரன் அண்ணே உடனே மன்னிப்புக் கேட்டு அழிச்சார். ஒரு சிலர் என் விளக்கத்துக்குக் கட்டைவிரல் போட்டாங்க. படிச்சுட்டுப் போட்டாங்களான்னு எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல. அதுக்குள்ள அந்தப் போட்டோ கேரி தீவு தோட்டத்துக்குப் போய், அம்பாங் போய், என் சொந்த மாமா பொண்ணு 'பாத்து இரு டி, நீ பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்கறவ'ன்னு எனக்கே அனுப்பினா.

செல்வாவும் நானும் அங்கிள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். கத்துவார்னு தயாராத்தான் போனோம். அவர் பாலில்லாத டீ, தே ஓ, கலக்கிக் குடுத்தார், பிஸ்கட் டின்னைத் திறந்து வச்சார். ரெண்டு நாளா வேலைக்குப் போகலையாம், சாப்பாடு வாங்கப் போன இடத்துல யாரோ முறைச்சுப் பாத்தாங்களாம். சத்தம் உயரவே இல்ல. கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்து சொன்னார்:

"பிள்ளை செஞ்சது சரிதான் டீச்சர், அந்தப் போட்டோவை மட்டும் எப்படியாச்சும் எடுத்துடச் சொல்லுங்க, என் மக ஸ்கூல் குரூப்லயும் சுத்துதாம்."

கட்டில் பக்கத்துல

மல்லிகா அக்காவுக்குக் கால் தப்பிச்சுது, உள்ள கம்பி வச்சிருக்காங்க. கண்ணு முழிச்ச மறுநாள் துர்காவைக் கூட்டிட்டுப் போனேன். வழி பூரா ஒரு கேள்விதான் கேட்டா, "நான் போயிருக்கணுமா டீச்சர்?" எனக்குத்தான் எல்லாத்துக்கும் பதில் இருக்குமே! கிளாஸ்ல கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்றவ நான். "இல்லமா, நீ செஞ்சது ரொம்பச் சரி"ன்னேன். அவ தலையாட்டினா, ஆனா முகம் மாறல. சரியா செஞ்ச ஒரு பிள்ளை ஏன் அழுகையை அடக்கிகிட்டு லிப்ட்ல நிக்கணும்?

வார்டு வாசல்லயே நின்னுட்டா. கட்டில் பக்கத்துல போகல. அக்கா தலையணையிலேருந்து தலையைத் தூக்கப் பாத்து முடியாம, அவளைப் பாத்துகிட்டே, "தள்ளிகிட்டுப் போற வரைக்கும் கதவையே பாத்துகிட்டு இருந்தேன்மா. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அதட்டினேன்ல, அந்தக் கோவத்துலதான் நீ வரலன்னு நினைச்சுகிட்டே உள்ள போனேன்"னாங்க. ஒரு நிமிஷ வேலை. மோட்டோ பக்கத்துல, மழைக்கு முன்னாடி, காதை நீட்டிகிட்டு நின்ன பிள்ளை காதுல ஒரே ஒரு சொல். நானாவது வண்டி முன்னாடி நின்னு மறிச்சிருக்கலாம். துர்கா மெதுவா கட்டில்கிட்ட போய், அம்மா கை மேல கையை வச்சு சொன்னா:

"கோவமெல்லாம் இல்லம்மா, உங்ககிட்ட புது பாஸ்வேர்ட் இல்ல, அதான்."

காதுல

போன ஞாயிறு கிளாஸ். நான் வாசல்லயே நின்னுகிட்டு இருந்தேன், துர்கா வருவாளா மாட்டாளான்னு. இவ்வளவுக்கும் அப்புறம், எந்திரிச்சுப் போனாலும் தப்பு, உக்காந்தாலும் தப்புன்னு அந்தப் பிள்ளை எல்லாத்தையும் விட்டுட்டா நான் என்ன செய்வேன்? எல்லாரும் வந்தாச்சு. கடைசியா ஒரு கார் வந்து, வாசலுக்கு வராம எதிர்ப்பக்க மரத்தடியில நின்னுச்சு. பின்கதவு திறந்து துர்கா இறங்கினா, அப்புறம் ஊன்றுகோலோட மல்லிகா அக்கா. மோட்டோ ஓட்ட முடியற வரைக்கும் முருகையா அங்கிள்தான் கொண்டு விடறாராம். அவர் மட்டும் இறங்கல. கண்ணாடியை ஏத்திவிட்டு, தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டு உள்ளயே உக்காந்திருந்தார். மண்டபத்துல பாதி பேரு அந்தப் போட்டோவை அனுப்பினவங்க. எல்லாருக்கும் அது தெரியும். குமரன் அண்ணே ஒரு பொட்டலம் நாசி லெமாக்கும் தே ஐஸும் எடுத்துட்டுப் போய் ஜன்னல்ல தட்டினார். கண்ணாடி கொஞ்சமா இறங்குச்சு, பொட்டலம் உள்ள போச்சு, திரும்ப ஏறிகிச்சு.

கிளாஸ் முடிஞ்சுது. மல்லிகா அக்கா ஊன்றுகோலைச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு, எல்லார் முன்னாடியும் ஒரு காலை ஊனி, என் தோளைப் பிடிச்சுகிட்டுக் குனிஞ்சாங்க. துர்கா முடியைக் காதுக்குப் பின்னாடி ஒதுக்கினா. அக்கா என்னமோ சொன்னாங்க. துர்கா சிரிச்சா! அப்புறம் அக்கா சாலையைத் தாண்டிப் போய் கார் ஜன்னல்லயும் குனிஞ்சு என்னமோ சொன்னாங்க. துர்கா பின்னாடியே போய், தெரிஞ்ச கார், தெரிஞ்ச ஆளு, அம்மா பக்கத்துலயே நிக்கறாங்க, அப்படியும் ஜன்னல்கிட்ட நின்னு முருகையா அங்கிளைப் பாத்து, "பாஸ்வேர்ட் என்ன அங்கிள்?"ன்னு கேட்டா. அவர் தொப்பியைக் கழட்டினார். அவ காதுகிட்ட சொன்னார். அவ ஏறிகிட்டா. இந்தப் பக்கம் வாசல்ல நின்ன குமரன் அண்ணேக்கு ஆர்வம் தாங்கல. "என்ன லா புது பாஸ்வேர்ட்?"னு சாலைக்குக் குறுக்க சத்தம் போட்டார். மல்லிகா அக்கா கார் கதவைப் பிடிச்சுகிட்டு திரும்பி, பண்டமாரானுக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க:

"உங்களுக்கு எதுக்கு லா அது?"

அந்தப் போட்டோ இன்னைக்குக் காலையிலகூட, இதே கவுண்டர்ல, கண்ணாடி துடைக்க வந்த ஒரு அக்கா போன்ல 'பலமுறை அனுப்பப்பட்டது'ன்னு வந்து நின்னுச்சு. பிள்ளைங்களுக்கு ஒரு சொல்லை வாய்க்குள்ள வச்சுக்கச் சொல்லிக் குடுத்தாச்சு, இனிமே விரலை அடக்கி வச்சுக்கப் பெரியவங்களுக்கு ஒரு கிளாஸ் தொடங்கினா, அதுல முதல் பேரு குடுக்க வேண்டியவ, அன்னைக்கு ரயில்ல படிக்காம கட்டைவிரல் போட்டுகிட்டே வந்த நான்தான்.